பட்டத்தை நெருங்கிய அணி, பாதி சீசனில் ராணுவ வீரர்களானது எப்படி? ஹார்ட்ஸ் 1914-15 கதை

ஒரு கால்பந்து அணி தொடர்ந்து ஜெயிக்குது. லீக்கில் முதலிடம். 17 வருஷமா கைக்கு வராத பட்டம் இந்த முறை வந்துவிடும் என்று ஊரே நம்புகிறது. அப்போது சீசனுக்கு நடுவே, அந்த அணியின் 11 வீரர்கள் ஒரே நாளில் ராணுவத்தில் சேர்ந்துவிடுகிறார்கள்.

இது சினிமா கதை இல்லை. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரைச் சேர்ந்த 'ஹார்ட் ஆஃப் மிட்லோதியன்' கிளப்புக்கு 1914 நவம்பரில் உண்மையிலேயே நடந்தது. சுருக்கமாக 'ஹார்ட்ஸ்' என்பார்கள். முதல் உலகப் போர் முடிந்தபோது அந்த அணியின் 7 வீரர்கள் உயிரோடு இல்லை.

அவர்கள் ஏன் சேர்ந்தார்கள்? கட்டாயமா? சேர்ந்த பிறகும் எப்படி மேட்ச் ஆடினார்கள்? பட்டம் என்ன ஆனது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், யார் இந்த ஹார்ட்ஸ்?

எடின்பரோவின் மேற்குப் பக்கம் கோர்கி என்று ஒரு தொழிலாளர் பகுதி. அங்குள்ள டைன்கேஸில் மைதானம்தான் ஹார்ட்ஸின் வீடு. 1874-ல் தொடங்கிய கிளப், ஜெர்சி அரக்குச் சிவப்பு. அதே ஊரில் ஹிபர்னியன் என்று இன்னொரு கிளப்பும் உண்டு. இரண்டு பேருக்கும் ஆகவே ஆகாது.

ஹார்ட்ஸ் லீக் பட்டத்தை அதுவரை இரண்டு முறை வென்றிருந்தது: 1895, 1897. அதற்குப் பிறகு ஸ்காட்லாந்து கால்பந்தில் கிளாஸ்கோ கிளப்புகளான செல்டிக், ரேஞ்சர்ஸ் ராஜ்ஜியம்தான்.

1914-ல் மேனேஜர் ஜான் மெக்கார்ட்னி ஒரு நல்ல அணியைக் கட்டி வைத்திருந்தார். அதே நேரத்தில் மைதானத்தில் புதிய ஸ்டாண்டு கட்டும் வேலையும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் செலவு இருந்த வருஷத்தில்தான் கோல் அடிக்கும் நட்சத்திரம் பெர்சி டாசனை 2,500 பவுண்டுக்கு இங்கிலாந்தின் பிளாக்பர்ன் கிளப்புக்கு விற்றார்கள். அந்தக் காலத்தில் அது சாதனைத் தொகை. அவர் இடத்துக்கு டாம் கிரேசி என்ற ஸ்ட்ரைக்கர் வந்தார். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

போர் அறிவித்த 11-வது நாள் சீசன் ஆரம்பம்

1914 ஆகஸ்ட் 4: ஜெர்மனி மீது பிரிட்டன் போர் அறிவிக்கிறது. ஆகஸ்ட் 15: ஸ்காட்டிஷ் லீக் சீசன் தொடங்குகிறது. முதல் நாளே டைன்கேஸிலில் நடப்புச் சாம்பியன் செல்டிக்கை 2-0 என்று ஹார்ட்ஸ் தோற்கடிக்கிறது. அதோடு நிற்கவில்லை, தொடர்ச்சியாக முதல் 8 போட்டிகளிலும் வெற்றி.

'போர் நடக்கும்போது லீக்கை எப்படி நடத்தினார்கள்?' என்று கேட்கலாம். அப்போது பலருக்கும் இருந்த நினைப்பு வேறு. கிறிஸ்துமஸுக்குள் சண்டை முடிந்துவிடும் என்று பரவலாகப் பேசிக்கொண்டார்கள். லீக்கை நிறுத்த வேண்டும் என்று அரசும் உத்தரவு போடவில்லை.

இன்னொரு முக்கியமான விஷயம், அப்போது பிரிட்டனில் கட்டாய ராணுவச் சேவை கிடையாது. அந்தச் சட்டம் 1916-ல்தான் வந்தது. 1914-ல் ராணுவத்துக்குப் போனவர்கள் இரண்டு வகை. ஏற்கெனவே ராணுவத்தில் இருந்தவர்கள், ரிசர்விஸ்டுகள் ஒரு வகை. தாமாக முன்வந்து பெயர் கொடுத்தவர்கள் இன்னொரு வகை. ஹார்ட்ஸ் அணியில் ஜார்ஜ் சின்க்ளேர், நீல் மோர்லாண்ட் இருவரும் ரிசர்விஸ்டுகள் என்பதால், போர் அறிவித்த உடனேயே அழைப்பு வந்துவிட்டது. ஜேம்ஸ் ஸ்பீடி என்ற இளம் வீரர் தானாகவே போய் கேமரன் ஹைலேண்டர்ஸ் படையில் சேர்ந்தார். மற்றவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். சட்டப்படி அதில் எந்தத் தப்பும் இல்லை.

ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா?

வெள்ளை இறகு என்றால் என்ன?

போர் தொடங்கிய ஆகஸ்ட் மாதமே இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டன் நகரில் ஓய்வுபெற்ற கடற்படை அட்மிரல் ஒருவர் ஒரு பிரசாரம் ஆரம்பித்தார். ராணுவ உடை போடாமல் தெருவில் நடக்கும் இளைஞர்களைப் பார்த்தால், பெண்கள் அவர்களிடம் ஒரு வெள்ளை இறகை நீட்ட வேண்டும். வெள்ளை இறகு என்றால் 'நீ கோழை' என்று அர்த்தம். நாலு பேர் பார்க்க அவமானப்படுத்தி ஆள் சேர்க்கும் வழி இது.

கால்பந்து வீரர்கள் இதற்கு வசதியான இலக்கு ஆனார்கள். இளம் வயது, நல்ல உடல் வலு, சனிக்கிழமை தோறும் ஆயிரக்கணக்கானோர் முன்னால் ஓடுகிறார்கள். 'ஓடுவதை பிரான்ஸ் போய் ஓடலாமே' என்று பத்திரிகைகளுக்குக் கடிதங்கள் குவிந்தன. எடின்பரோ ஈவினிங் நியூஸில் 'ஒரு சிப்பாயின் மகள்' என்ற பெயரில் வந்த ஒரு கடிதம் ரொம்பவே சுட்டது. கிளப்பின் பெயரை 'மிட்லோதியனின் வெள்ளை இறகுகள்' என்று மாற்றிக்கொள்ளலாமே என்று அதில் நக்கல் அடித்திருந்தார்கள்.

இதில் ஒரு வர்க்கக் கணக்கும் இருந்தது. வசதியான வீட்டுப் பிள்ளைகள் ஆடிய ரக்பி அமெச்சூர் விளையாட்டு. அவர்களுக்குச் சம்பளமும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை, அதனால் ரக்பியை உடனே நிறுத்த முடிந்தது. தொழில்முறை கால்பந்து வீரர்களோ கிளப்போடு ஒப்பந்தம் போட்டவர்கள், பெரும்பாலும் தொழிலாளர் குடும்பத்துப் பையன்கள். கிளப் விட்டால்தான் போக முடியும். போனால் வீட்டில் வருமானம் நிற்கும். குதிரைப் பந்தயமும் தியேட்டர்களும் நடந்துகொண்டுதான் இருந்தன. திட்டு மட்டும் கால்பந்துக்கே அதிகம் விழுந்தது. நியாயமா என்றால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

நவம்பர் 25: 11 பேர், ஒரே நாள்

இந்த நேரத்தில்தான் சர் ஜார்ஜ் மெக்ரே வருகிறார். எடின்பரோவில் துணிக் கடை வியாபாரத்தில் வளர்ந்தவர், முன்னாள் எம்.பி., வயது ஐம்பதைத் தாண்டியாச்சு. சொந்தமாக ஒரு பட்டாலியன் திரட்டுகிறேன், ஏழே நாளில் நிரப்பிக் காட்டுகிறேன் என்று அறிவித்தார். ஆளைச் சேர்த்து அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார மாட்டேன், நானே தலைமை தாங்கிப் போர்முனைக்கு வருவேன் என்றும் சொன்னார்.

1914 நவம்பர் 25 அன்று ஹார்ட்ஸ் வீரர்கள் 11 பேர் அவரிடம் பெயர் கொடுத்தார்கள். கிட்டத்தட்ட ஒரு முழு அணி. அடுத்து மேலும் சிலர். மொத்தம் 16 ஹார்ட்ஸ் வீரர்கள் இந்தப் பட்டாலியனோடு சேர்த்து எண்ணப்படுகிறார்கள்.

செய்தி பரவியதும் ஊர் மாறியது. இரண்டு நாள் கழித்து, நவம்பர் 27 அன்று அஷர் ஹாலில் நடந்த கூட்டத்துக்கு மக்கள் திரண்டார்கள். ஹார்ட்ஸ் ரசிகர்களும் சீசன் டிக்கெட் வைத்திருந்தவர்களுமாக சுமார் 500 பேர் வீரர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள். 'நீ ஆடுவதை கேலரியில் நின்று பார்த்தேன், நீ போனால் நானும் வரேன்' என்ற மனநிலை. எதிரணியான ஹிபர்னியனின் ரசிகர்கள் சுமார் 150 பேரும் வந்தார்கள். ரெய்த் ரோவர்ஸ், ஃபால்கிர்க், டன்ஃபர்ம்லைன் கிளப் வீரர்களும், உள்ளூர் சின்ன கிளப் பையன்களும் சேர்ந்தார்கள்.

இப்படி உருவானதுதான் 16வது ராயல் ஸ்காட்ஸ் பட்டாலியன். ஊர்க்காரர்கள் வைத்த பெயர் 'மெக்ரேயின் பட்டாலியன்'. லண்டனில் கால்பந்து வீரர்களுக்கென்று தனியாகத் தொடங்கிய 17வது மிடில்செக்ஸ் பட்டாலியன்தான் வெளியே அதிகம் பேசப்படுகிறது. அது தொடங்கியது டிசம்பர் 15. எடின்பரோ அதற்கு மூன்று வாரம் முந்தியது.

காலையில் டிரில், சனிக்கிழமை மேட்ச்

சேர்ந்த மறுநாளே யாரையும் பிரான்ஸுக்கு அனுப்பவில்லை. புது சிப்பாய்களுக்கு மாதக்கணக்கில் பயிற்சி தேவை. மெக்ரேயின் பட்டாலியன் 1915 கோடை வரை எடின்பரோவிலேயே பயிற்சி எடுத்தது. அதனால் வீரர்கள் வாரம் முழுக்க சிப்பாய், சனிக்கிழமை கால்பந்து வீரர் என்று இரட்டை வாழ்க்கை நடத்தினார்கள்.

கேட்க நன்றாக இருக்கும். உடம்பு தாங்க வேண்டுமே! டிரில், பதுங்குகுழி தோண்டுதல், முதுகில் சுமையோடு நீண்ட நடை என்று ஓய்வே இல்லை. மேட்ச்சுக்கு முந்தைய இரவில்கூட பல மைல் அணிவகுப்பு நடந்து, காலில் கொப்புளத்தோடு மைதானத்துக்கு வந்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. ராணுவத்தில் போடும் தடுப்பூசிகளால் காய்ச்சலும் சோர்வும் வேறு. இன்றைக்கு ஒரு வீரருக்குத் தொடையில் லேசாகப் பிடித்தாலே இரண்டு வாரம் ஓய்வு என்கிறார்கள். இவர்கள் குளிர்காலம் முழுக்க அப்படியே ஆடினார்கள்.

அப்படியும் ஹார்ட்ஸ் முதலிடத்தை விடவில்லை. சீசனின் கடைசிக் கட்டம் வரை பட்டியலில் மேலே இருந்தது ஹார்ட்ஸ்தான்.

டாம் கிரேசி மறைத்த ரகசியம்

அந்த சீசனில் லீக்கிலேயே அதிக கோல் அடித்தவர் என்ற இடத்தை அயர் யுனைடெட் வீரர் ஒருவரோடு பகிர்ந்துகொண்டவர் டாம் கிரேசி. 1915 மார்ச்சில் அவருக்கு ரத்தப் புற்றுநோய் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் அதை மேனேஜர் மெக்கார்ட்னியிடம் மட்டும் சொன்னதாகத் தெரிகிறது. அணியில் யாருக்கும் தெரியாது. பயிற்சியையும் விடவில்லை, மேட்ச்சையும் விடவில்லை.

அதே வருஷம் அக்டோபர் 23 அன்று கிளாஸ்கோ மருத்துவமனையில் கிரேசி இறந்தார். பட்டாலியன் அப்போது இன்னும் பிரிட்டனில்தான் இருந்தது. ஒரு மாதத்துக்கு முன்பு, செப்டம்பர் 25 அன்று, முதலில் தனியாகப் போய்ச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்பீடி பிரான்ஸின் லூஸ் சண்டையில் கொல்லப்பட்டிருந்தார்.

பட்டம் எப்படிக் கைநழுவியது?

அந்தக் காலக் கணக்குப்படி ஒரு வெற்றிக்கு 2 புள்ளி, டிராவுக்கு 1. மொத்தம் 20 அணிகள், ஒவ்வொருவருக்கும் 38 போட்டிகள்.

ஹார்ட்ஸ்: 27 வெற்றி, 7 டிரா, 4 தோல்வி. 61 புள்ளி.
செல்டிக்: 30 வெற்றி, 5 டிரா, 3 தோல்வி. 65 புள்ளி.

வித்தியாசம் 4 புள்ளி, அதாவது இரண்டே இரண்டு வெற்றி. சீசன் முழுக்க நாலே தோல்வி கண்ட ஹார்ட்ஸ், அதில் இரண்டைக் கடைசி வாரங்களில், மோர்ட்டனிடமும் செயின்ட் மிரனிடமும் வாங்கியது. கால்கள் சொன்னதைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

செல்டிக் ஜெயித்ததைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 38-ல் 30 ஜெயித்த அணி அது. ஆனால் எடின்பரோ பத்திரிகை அன்றே ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டி எழுதியது. கிளாஸ்கோவின் இரண்டு பெரிய கிளப்புகளும் முதல்தர வீரர் ஒருவரைக்கூட ராணுவத்துக்கு அனுப்பவில்லை, ஹார்ட்ஸ் மட்டும் யாரும் கற்பனை செய்ய முடியாத சுமையோடு ஆடியது என்பது அதன் வாதம். எடின்பரோ பத்திரிகை எடின்பரோ கிளப்புக்குப் பரிந்து பேசுவது இயல்புதான். இருந்தாலும் சொன்னதில் விஷயம் இருந்தது.

அந்த சீசனோடு இங்கிலாந்தில் லீக் நிறுத்தப்பட்டது. 1915 ஏப்ரலில் ஓல்ட் டிராஃபோர்டில் நடந்த எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டிக்கு சீருடையில் ஏராளமான சிப்பாய்கள் வந்ததால் அதற்கு 'காக்கி ஃபைனல்' என்றே பெயர். ஸ்காட்லாந்தில் கோப்பைப் போட்டி நின்றது, லீக் மட்டும் போர் முடியும் வரை ஓடியது.

1916 ஜூலை 1: சோம்

மெக்ரேயின் பட்டாலியன் 1916 ஜனவரியில் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தது. ஆறு மாதம் கழித்து சோம் நதிப் பகுதியில் பிரிட்டன் பெரிய தாக்குதலுக்குத் தயாரானது. ஒரு வாரம் இடைவிடாமல் பீரங்கி அடித்தார்கள். ஜெர்மானியர்களின் முள்கம்பி வேலியெல்லாம் அறுந்துபோயிருக்கும், எதிரில் ஆளே இருக்க மாட்டார்கள் என்பது தளபதிகளின் கணக்கு.

கணக்கு தப்பாகிவிட்டது. ஜெர்மன் சிப்பாய்கள் ஆழமான நிலவறைகளில் பதுங்கியிருந்தார்கள். ஜூலை 1 காலை 7.28 மணிக்கு லா புவாசெல் கிராமத்தின் அருகே பூமிக்கடியில் வைத்த பெரிய வெடியை பிரிட்டன் வெடித்தது. அந்தப் பள்ளம் இன்னும் இருக்கிறது, சுமார் 100 மீட்டர் அகலம். இரண்டு நிமிஷம் கழித்து விசில் ஊதப்பட்டது. 16வது ராயல் ஸ்காட்ஸ் இருந்த 34வது டிவிஷன் திறந்த சரிவில் இறங்கி நடந்தது. எதிரே இயந்திரத் துப்பாக்கிகள்.

அன்று ஒரே நாளில் பிரிட்டன் ராணுவத்தில் 57,470 பேர் பாதிக்கப்பட்டார்கள், அதில் 19,240 பேர் மரணம். பிரிட்டன் ராணுவ வரலாற்றில் இதைவிட மோசமான நாள் இல்லை. மெக்ரேயின் பட்டாலியனில் தாக்குதலுக்குப் போனவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காயமடைந்தார்கள். அதற்கு நடுவிலும் அவர்களில் ஒரு சிறு குழு கோன்டல்மெய்சோன் கிராமம் வரை முன்னேறிப் போனது. அந்தக் கிராமத்தை பிரிட்டன் முழுமையாகப் பிடித்தது ஜூலை 10 அன்றுதான்.

ஹாரி வாட்டி, டங்கன் கரி, எர்னஸ்ட் எல்லிஸ். மூன்று ஹார்ட்ஸ் வீரர்களும் அந்த ஒரே நாளில் போனார்கள். முன்கள வீரர் வாட்டியின் உடல் கிடைக்கவே இல்லை. உடல் அடையாளம் தெரியாத 72,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் செதுக்கிய தியெப்வால் நினைவிடத்தில் அவர் பெயர் இருக்கிறது.

அடுத்த மாதமே ஜேம்ஸ் பாய்ட். 1917 ஏப்ரலில் ஜான் ஆலன். கிரேசியையும் ஸ்பீடியையும் சேர்த்தால் ஏழு பேர்.

'பால்ஸ் பட்டாலியன்' ஏன் இவ்வளவு வலித்தது?

மெக்ரேயின் பட்டாலியன் போல ஒரே ஊர், ஒரே ஆலை, ஒரே கிளப் ஆட்களைச் சேர்த்து உருவாக்கிய படைகளை 'பால்ஸ் பட்டாலியன்' என்றார்கள். நண்பர்கள் படை என்று சொல்லலாம். 'கூட்டாளிகளோடு சேர்ந்து போகலாம்' என்றால் இளைஞர்கள் எளிதாக வருவார்கள் என்பது யோசனை. ஆள் சேர்க்க அருமையாக வேலை செய்தது.

ஆனால் அதே கூட்டம் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டால்? அதே ஜூலை 1 அன்று இங்கிலாந்தின் அக்ரிங்டன் நகரப் படையில் தாக்குதலுக்குப் போன சுமார் 700 பேரில் 580-க்கும் மேற்பட்டோர் இறந்தோ காயமடைந்தோ காணாமலோ போனார்கள். தந்திகளும் கடிதங்களும் வந்தபோது பக்கத்துப் பக்கத்து வீடுகளுக்கு ஒரே செய்தி. கோர்கியிலும் அதுதான் நடந்தது. இங்கே கூடுதலாக ஒன்று. செத்தவன் யார் என்று ஊருக்கே தெரியும், சனிக்கிழமை தோறும் பெயர் சொல்லிக் கத்தியவர்கள் அவர்கள்.

உயிரோடு திரும்பியவர்கள்?

திரும்பியவர்கள் தப்பித்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. சோமில் பலத்த காயமடைந்த ஆல்ஃபி பிரிக்ஸ் அதன் பிறகு கால்பந்து ஆடவே இல்லை. டிஃபெண்டர் பேடி கிராசன் காயத்தோடும் விஷவாயு பாதிப்போடும் ஊர் வந்தார். மறுபடி ஹார்ட்ஸுக்கு ஆடினார், எடின்பரோவில் ஒரு பாரும் நடத்தினார். 1933-ல் இறந்தார்.

பாப் மெர்சர் கதை இன்னும் கனமானது. அவரும் போரில் விஷவாயுவில் சிக்கியவர். 1926-ல் செல்கிர்க் ஊரில் ஒரு நட்புப் போட்டியில் ஆடும்போது மைதானத்திலேயே சரிந்து இறந்தார். ஏழு பேர் கணக்கில் அவர் பெயர் வராது. கிராசன் பெயரும் வராது.

மெக்ரே சொன்னபடியே பட்டாலியனோடு போர்முனைக்குப் போனார், டி.எஸ்.ஓ. விருது வாங்கினார், உடல்நலம் கெட்டு ஊர் திரும்பினார். 1928-ல் அவர் இறந்தபோது எடின்பரோ தெருக்களில் பெருங்கூட்டம் நின்று வழியனுப்பியது.

இப்போது அங்கே என்ன இருக்கிறது?

எடின்பரோவின் ஹேமார்க்கெட் சந்திப்பில் ஒரு மணிக்கூண்டு இருக்கிறது. 1922 ஏப்ரலில் திறக்கப்பட்ட ஹார்ட்ஸ் போர் நினைவுச் சின்னம் அது. டிராம் பாதை வேலைக்காக 2009-ல் கழற்றி எடுத்தார்கள், 2013-ல் மீண்டும் வைத்தார்கள். ஒவ்வொரு நவம்பரிலும் போர் நினைவு ஞாயிறன்று கிளப் வீரர்களும் ரசிகர்களும் அங்கே கூடி மாலை வைக்கிறார்கள். ஹிபர்னியன் தரப்பிலிருந்தும் வருவார்கள். வருஷத்தில் மற்ற நாட்களில் இந்த இரண்டு கூட்டமும் அவ்வளவு அமைதியாகப் பக்கத்தில் நிற்பதைப் பார்ப்பது கஷ்டம்.

அடுத்த லீக் பட்டத்துக்கு ஹார்ட்ஸ் 1958 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1897-லிருந்து எண்ணினால் 61 வருஷம். நூறாண்டு நினைவாக 2014-15 சீசனில் ஸ்பான்சர் பெயர் எதுவும் இல்லாத, பழைய பாணி அரக்குச் சிவப்பு ஜெர்சியை அணி அணிந்தது. முந்தைய வருஷம் கடனில் மூழ்கி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியிருந்த கிளப், அந்த ஜெர்சியோடு அந்த டிவிஷன் பட்டத்தை வென்று மேலே ஏறியது.

கோன்டல்மெய்சோனில் பட்டாலியனுக்கு ஒரு நினைவுக் கல் வைக்க வேண்டும் என்று உயிரோடு திரும்பியவர்கள் 1919-லேயே பேசினார்கள். பணம் சேரவில்லை, காலம் ஓடிவிட்டது. ஜேக் அலெக்சாண்டர் என்ற எழுத்தாளர் பல வருஷம் தேடி இந்தப் பட்டாலியனின் வரலாற்றை 2003-ல் புத்தகமாகக் கொண்டுவந்த பிறகு, மக்கள் நன்கொடையில் அந்தக் கல்மேடு எழுந்தது. 2004 நவம்பரில் திறந்தபோது பட்டாலியன் ஆட்களில் பார்க்க யாரும் மிச்சமில்லை. ஸ்காட்லாந்திலிருந்து ஹார்ட்ஸ் ரசிகர்கள் இப்போதும் ஜூலை 1 அன்று அந்தக் கிராமத்துக்குப் போய் வருகிறார்கள்.